புல்லட் சேகரின் வலது கை

நான் ஓய்வு பெற்ற இசைப் பள்ளியின் வாசலில் இப்போது ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் ஆள் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறான். அவன் விரல்களிலிருந்து தீப்பொறி பறக்கிறது. கீழே, ‘ஒரே மாதத்தில் மின்னல் வேகம்!’ என்று எழுதியிருக்கிறது. சிங்காநல்லூர் வெல்டிங் பட்டறைகளில்தான் இப்படித் தீப்பொறி பறந்து பார்த்திருக்கிறேன். அங்கேகூட வேலை செய்பவர்கள் கண்ணுக்கு ஏதாவது மாட்டிக்கொள்வார்கள்.

பலகை வைத்த நிர்வாகி நிவேதாதான் போன வாரம் எனக்கு போன் செய்தாள். “மேடம், ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். கிட்டார்ல ஸ்பீடு கொண்டுவர்றது எப்படின்னு உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்க. கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் மேடம்” என்றாள். நல்ல பெண்தான். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பாசிட்டிவாக எழுதுவேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

வேகம் என்றாலே எனக்கு ஒரு மாணவியின் அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். பீளமேட்டில் மோட்டார் பம்ப் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகளை என் வகுப்பில் சேர்த்துவிட்டு வாரம் தவறாமல் வந்து, “இப்ப என்ன ஸ்பீடுங்க மேடம் வருது?” என்று கேட்பார். தொழிற்சாலையில் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கேட்கிற அதே குரல். “உங்க மகளுக்கு ரெண்டு கம்பி சுத்தமா பேசுதுங்க” என்பேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதால் அடுத்த வாரமும் வந்து கேட்பார். அந்தப் பெண் பிறகு கிட்டாரை விட்டுவிட்டு நீச்சலுக்குப் போனாள். அங்கே வினாடிக் கணக்கு உண்டு. அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். அண்ணன் ஆசைப்பட்டு ஒரு கிட்டார் வாங்கி, விரல் வலிக்கிறது என்று பீரோ மேல் தூக்கிப்போட்டான். அதை இறக்கி நான் எடுத்துக்கொண்டேன். சர்ச்சில் வாசிக்கும் ஒரு டீச்சர் எனக்கு இசைக் குறிப்பு படிக்கக் கற்றுக்கொடுத்தார். மீதியை ரேடியோவைக் கேட்டுக் கற்றேன். கல்லூரி முடித்ததும், கல்யாணத்துக்கு முன் கொஞ்ச நாள் பொழுதுபோகட்டும் என்று வீட்டில் விட்டார்கள். நான் வேலுச்சாமி மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். அந்தக் கொஞ்ச நாள் போன வருடம்தான் முடிந்தது.

மாஸ்டர் அக்கார்டியன் வாசிப்பார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எந்நேரமும் மடித்த கைக்குட்டை. யாரையும் அவர் ஒரு சுடுசொல் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய கோபத்தை அளக்க ஒரே வழி, வாக்கியத்தில் எத்தனை ‘ங்க’ விழுகிறது என்று பார்ப்பதுதான். மரியாதை கூடக் கூட நமக்குக் கிலி பிடிக்கும்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில்தான் ரிகர்சல். சேர்ந்த முதல் நாள் மதியம், ஒரு பாட்டின் இடையிசையை எனக்குக் கொடுத்தார். கடகடவென்று ஓடுகிற பகுதி. எல்லோரும் புதுப்பெண்ணைப் பார்க்கிறார்களே என்று நானும் ஓட்டினேன். முடித்ததும் மாஸ்டர் அக்கார்டியனைக் கழற்றிக் கீழே வைத்தார். கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“ஏனுங்க அம்மணி, ஒரு சந்தேகமுங்க. கேக்கலாமுங்களா?”

“கேளுங்க மாஸ்டர்.”

“இப்ப வாசிச்சீங்களே, அதுல இருக்கற சுரம் பூராத்தையும் அனுப்பிச்சீங்களாங்க?”

“ஆமாங்க.”

“எனக்குப் பாதிதானுங்க வந்து சேந்துச்சு. மீதி வழியிலேயே எறங்கிக்கிச்சுங்களா?”

அறையே சிரித்தது. தபேலாக்காரர் சிரித்த சிரிப்பில் தபேலாவே உருண்டது. எனக்கு அழுகை வந்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார்.

அடுத்த நாளிலிருந்து ரிகர்சலுக்கு முன்னாலேயே என்னை வரச் சொன்னார். ஆம்ப்ளிஃபயரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். எலெக்ட்ரிக் கிட்டாரை ஒயர் இல்லாமல் வாசித்தால் கம்பியின் சத்தம் மட்டும் மெலிசாகக் கேட்கும். எதையும் மறைக்க முடியாது. மேசைமேல், சாவி கொடுத்தால் ஊசல் ஆடி டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோம். ஊசலில் இருக்கும் எடையை மேலே தள்ளினால் தாளம் மெதுவாகும், கீழே இறக்கினால் வேகமாகும். அவர் அதை உச்சிக்குத் தள்ளிவிட்டு, ஒரே கம்பியில் நான்கு சுரம் வாசிக்கச் சொன்னார். கீழே ஒரு வீச்சு, மேலே ஒரு வீச்சு, மாற்றி மாற்றி. கையில் பிடித்து மீட்டும் சின்ன வில்லையான பிக்கின் நுனி மட்டும் கம்பியில் பட வேண்டும். ஆழமாக இறங்கினால் கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும். பிக்கை எப்படிப் பிடிப்பது என்று கேட்டதற்கு, “பஸ் டிக்கெட்டை எப்பிடிங்க புடிப்பீங்க? கசங்கவும் கூடாதுங்க, காத்துல பறக்கவும் கூடாதுங்க” என்றார். முழங்கை அசையக் கூடாது. மணிக்கட்டுதான் வேலை செய்ய வேண்டும். அதுவும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன அசைவு.

இதையெல்லாம் இப்போது எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். மாஸ்டர் செய்த இன்னொரு காரியத்தை நான் எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுப்பார்.

“அம்மாவுக்கு அன்னூருங்களா?”

“ஆமாங்க.”

“மழைங்களா அங்க?”

“இல்லீங்க மாஸ்டர், போன வாரம் கொஞ்சம் தூத்தல்…”

அந்த இடத்தில் கை தடுமாறும். மாஸ்டர் எழுந்துபோய், எடையை ஒரு கோடு மேலே தள்ளிவிட்டு வருவார். அதாவது, இன்னும் மெதுவாக. உட்கார்ந்து, “தூத்தலுங்களா? அப்புறமுங்க?” என்பார்.

கடலை விளைச்சல், சித்தப்பா வாங்கிய மாடு, பஸ்ஸில் இடம் கிடைத்தது, கிடைக்காதது என்று என் குடும்பக் கதை முழுவதையும் அந்த அறையில் சொல்லியிருக்கிறேன். முழு வாக்கியமாகப் பேச வேண்டும். ம், ஆமாம் என்று ஒப்பேற்றினால் செல்லாது. பேச்சும் தடைப்படாமல் கையும் தடைப்படாமல் இருந்தால்தான் எடை ஒரு கோடு கீழே இறங்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், இது எதற்கு என்று கேட்டேன். “பேச முடியாத வேகம் உங்களுது இல்லீங்க அம்மணி. அது இரவல். மேடையில எந்நேரம் வேணாலும் திருப்பிக் கேக்கும்” என்றார். அந்த வாக்கியத்தில் ‘ங்க’ குறைந்திருந்ததை அப்போதே கவனித்தேன். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

வேகம் வந்தது. எப்போது என்று எனக்குத் தெரியாது. பழைய இடையிசையை ஒருநாள் ரிகர்சலில் வாசித்து முடித்தபோது மாஸ்டர் எதுவும் கேட்காமல் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

காங்கேயம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. எண்ணெய் மில் முதலாளிகள் இரண்டு பேருக்குள் போட்டி. ஆளுக்கொரு மேடை போட்டு ஆளுக்கொரு ஆர்கெஸ்ட்ரா. எதிர் மேடையில்தான் சேகரை முதன்முதலில் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கிட்டார்காரர்களில் அவன் அளவுக்குப் பேர் வாங்கியவன் அப்போது யாரும் இல்லை. புல்லட் சேகர் என்றால் போஸ்டரில் தனிப்படம். காங்கேயத்து வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டிருந்தான். கிட்டாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசித்தான், முட்டி போட்டு வாசித்தான், மேடையில் படுத்தும் வாசித்தான். கூட்டம் மொத்தமும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் மேடைக்குப் பணம் கட்டிய முதலாளி மாஸ்டரிடம் ஓடிவந்தார். “ஏனுங்க மாஸ்டர், நம்ம பொண்ணு அந்த மாதிரி வாசிக்காதுங்களா?”

மாஸ்டர் எதிர் மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நெம்ப நல்லா ஆடறாருங்க. முடிச்சுட்டு எப்ப வாசிக்க ஆரம்பிப்பாருன்னு தெரியலீங்க. அதுக்காகத்தானுங்க காத்துட்டிருக்கேன்” என்றார்.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் சிலரும், தூங்கிப்போன குழந்தைகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களுக்கு முழு நிகழ்ச்சியையும் ஒரு சுரம் குறையாமல் வாசித்தோம்.

மாஸ்டர் காலமான பிறகு குழு கலைந்தது. நான் இசைப் பள்ளிக்கு வேலைக்கு வந்தேன். மாணவர்கள் எல்லோரும் வேகக் காய்ச்சல் பிடித்தவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். பிக்கையே முறைத்துப் பார்க்கிறவர்கள், பல்லைக் கடிக்கிறவர்கள், முன்கை வீங்கி எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. எல்லோருக்கும் நான் காட்டுவது அதே மெட்ரோனோம்தான். பாதிப் பேர் மறுவாரம் வர மாட்டார்கள். வராதவர்களைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை. அதற்குப் பேர் கர்வம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒருநாள் காலை, வகுப்பறைக் கதவில் ஒரு பெண்மணி நின்றார். பின்னால் தலை நரைத்த ஒருவர், கிட்டார் பையைத் தோளில் மாட்டாமல் இடுப்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

“ஏனுங்கக்கா, நீங்கதானுங்களா அம்சவேணி டீச்சர்? நான் சாந்திங்க. இவரு என்ற ஊட்டுக்காரருங்க. சேகரு.”

ஜாக்கெட் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சேகர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். பைக்கிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிட்டது, பிசியோதெரபி முடிந்துவிட்டது, தாராளமாக வாசிக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கைதான் ஓட மாட்டேன் என்கிறது. கொஞ்சம் வேகம் கூட்டியதும் தோளிலிருந்து விரல்வரை கட்டையாகிவிடுகிறது.

“குழு இப்ப எங்க தம்பியிதுங்கக்கா” என்றார் சாந்தி. “மணின்னு பேருங்க. இவரு பிட்டு பூராத்தையும் கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வெச்சு வாசிச்சுக்கறானுங்க. முகூர்த்த சீசன் வரைக்கும் பாக்கலாம்னு சொல்லிப்போட்டானுங்க. இவரு ஊட்டுல யாருகிட்டயும் பேசறதே இல்லீங்க.”

“சாந்தி, நீ சும்மா இரு” என்றார் சேகர்.

கீபோர்டில் வருகிற கிட்டார் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். பொம்மைக் கடையில் இருக்கும் புலி மாதிரி. கோடெல்லாம் இருக்கும். அதைக் கொண்டுவந்து மேடையில் கட்டுகிறார்கள் என்றால் எதிரிக்காகக்கூட எனக்குக் கோபம் வரும். கிட்டாரை எடுத்து வாசிக்கச் சொன்னேன்.

“ஆம்ப் எங்கீங்க?”

“ஆம்ப் வேண்டாம். அது உங்களுக்காக நெறையப் பொய் சொல்லும்.”

வாசித்தார். நான் மணிக்கட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. மூச்சைப் பிடித்திருந்தார். பிக்கை அழுத்திய அழுத்தில் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. ஒவ்வொரு வீச்சும் முழங்கையிலிருந்து கிளம்பியது. மணிக்கட்டு எதுவுமே செய்யவில்லை. அது உடைந்ததால் இல்லை. அதற்கு எந்தக் காலத்திலும் அவர் வேலையே கொடுத்ததில்லை. இத்தனை வருடம் புஜபலத்தால் சமாளித்திருக்கிறார். இப்போது பலம் குறைந்ததும் குட்டு வெளிப்பட்டிருக்கிறது.

இதைச் சொன்னேன். நான் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். போனை எடுத்து, யாரோ பழைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து அனுப்பியிருந்த வீடியோவைப் போட்டார். அவர் பேர் வாங்கிய அதே இடையிசை. “எனக்கு இது திரும்ப வந்தாப் போதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

போனை வாங்கி, அதே வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன். இந்தக் காலத்துக் கருவிகளில் நான் மதிக்கிற வசதி அது ஒன்றுதான். டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே கிட்டார் தெளிவாக வந்தது. கீழ் வீச்சு, அப்புறம் ஒன்றுமில்லை. கீழ் வீச்சு, அப்புறம் ஏதோ உராய்கிற சத்தம். மேல் வீச்சுகளில் பெரும்பாலானவை கம்பியைத் தொடவே இல்லை.

“ரெக்கார்டிங் கோளாறுங்க” என்றார் சேகர்.

நான் மறுபடியும் போட்டேன். கடைசியில் சாந்திதான், வேறு எதையும் உத்தேசிக்காமல், “ஏனுங்க, நடுவால நடுவால ஒண்ணுமே கேக்கலீங்களே?” என்றார்.

சேகர் எழுந்தார். கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்த நேரத்தில் அவர் முகம் தோற்றுப்போனவன் முகமாக இல்லை. வீட்டுக்கு வந்து பூட்டு உடைந்து கிடப்பதைப் பார்த்தவன் முகமாக இருந்தது. படியிறங்கினார். சாந்தி மட்டும் திரும்பி, “தப்பா நெனச்சுக்காதீங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார்.

இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு பதினைந்து நாள் இருக்கும், தனியாக வந்தார். உட்காரவில்லை. “ஊட்டுல இருக்கற வீடியோ பூராத்தையும் மெதுவாப் போட்டுப் பாத்துட்டேனுங்க. அத்தனையும் அப்பிடித்தானுங்க இருக்குது” என்றார். பையைக் கீழே இறக்கி வைத்தபடி, “இத்தன வருசமா ஒருத்தருமே சொல்லலீங்களே” என்றார்.

எனக்குக் கைவசம் ஒரு நக்கலான பதில் இருந்தது. சொல்லவில்லை. “ஒக்காருங்க” என்றேன்.

மெட்ரோனோமை உச்சிக்குத் தள்ளினேன். ஒரே கம்பி, நான்கு சுரம். அதற்கும் முன்னால், இடது கையே வேண்டாம், திறந்த கம்பியில் வலது கை மட்டும். பிக்கைத் தளர்த்தச் சொன்னால் கீழே விழும். எடுப்பார், மறுபடியும் விழும். விழட்டும், விழுகிற பிடிக்கும் இறுகிய பிடிக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதைத் தேடுங்கள் என்றேன். மூச்சை விடச் சொன்னேன். புல்லட் சேகர் மூச்சுவிடக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

பிறகு பேச்சுக் கொடுத்தேன். சாந்தி எந்த ஊர், எப்படிக் கல்யாணம் நடந்தது, மாமனார் கிட்டார்காரனுக்குப் பெண் தர எப்படிச் சம்மதித்தார். முதலில் எரிச்சல்பட்டார். பேச வாயெடுத்தால் கை நிற்கும், கை ஓடினால் வாய் ஒட்டிக்கொள்ளும். “நான் கிட்டார் படிக்க வந்தனுங்களா, கதை சொல்ல வந்தனுங்களா?” என்றார். “கதை நல்லாத்தான் இருக்குது, கைதான் கேக்கல” என்றேன்.

அவர் ஏமாற்றவும் செய்தார். ஒரு வெள்ளிக்கிழமை, முந்தின வகுப்பில் சரியாக இருந்த மேல் வீச்சு மெலிந்திருந்தது. கீழ் வீச்சு பலமாக, மேல் வீச்சு பயந்து பயந்து. வேகமாக வாசித்தால்தான் அப்படி ஆகும்.

“வீட்டுல ஓட்டிப் பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

அன்று சாந்தியும் வந்திருந்தார். “பொய்யிங்கக்கா. காத்தால பால்காரரு வர்றதுக்கு முந்தியே தடதடன்னு ஆரம்பிச்சுப்போடறாருங்க.”

எடையை மறுபடி உச்சிக்குக் கொண்டுபோனேன். முதலிலிருந்து. சேகர் சாந்தியை முறைத்தார். வாசித்தார்.

ஒரு கம்பியில் வழிக்கு வந்த பிறகு உண்மையான சிக்கல் வந்தது. ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் இடறியது. மேல் வீச்சு முடிகிற இடத்தில் பிக் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சிறைப்பட்டுவிடும். அங்கிருந்து அடுத்த கம்பிக்குப் போக வேலி தாண்டுவதுபோல ஒரு குதி. மெதுவாக வாசிக்கும்போது குதிக்க நேரம் இருக்கிறது. வேகத்தில் இல்லை. பிக்கின் சாய்வை மாற்றி, மேல் வீச்சு முடியும்போதே அது கம்பிகளுக்கு வெளியே வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். பிளேட் வைத்த மணிக்கட்டு அந்தச் சாய்வுக்குத் திரும்ப மறுத்தது. கிட்டாரின் வாரை ஏற்றிக் கட்டினோம், முன்கை படும் இடத்தை மாற்றினோம், உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றினோம். வாரக்கணக்கில் ஒரே கோட்டில் நின்றோம். எடை கீழே இறங்கவே இல்லை.

அப்போதுதான் அவர் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். எவனோ ஒருவன் கத்திக் கத்திப் பேசுகிறான். எப்போதும் மெதுவாகவே வாசிக்காதீர்கள், நான்கே சுரத்தை முழு வேகத்தில் ஒரு வெடிப்பாக வாசித்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள் என்கிறான். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குரங்குச் சேட்டைக்கா இத்தனை மாதம் கஷ்டப்பட்டீர்கள் என்றேன்.

“ஒரே ஒருக்கா பாத்துக்கறனுங்களே” என்றார். முதன்முறையாக என்னிடம் அனுமதி கேட்டார்.

செய்தார். நான்கு சுரம், ஓய்வு. நான்கு சுரம், ஓய்வு. இறுகுவதற்கு நேரம் கிடைப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. அடுத்த வாரம் எட்டு சுரம். கம்பி தாண்டும் இடத்தில் பிக் எங்கும் மாட்டவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்தது. கத்துகிறவன் வாயிலிருந்தும் எப்போதாவது ஒரு சரியான வார்த்தை வந்துவிடுகிறது. அடியில் மெதுவாகப் போட்ட அஸ்திவாரம் இல்லாமல் அந்த வெடிப்பு வெறும் புஸ்வாணம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

முகூர்த்த சீசன் தொடங்கியது. அன்னூரில் ஒரு ரிசப்ஷன். “நீங்க வரோணுங்க” என்று சேகர் ஒரு தடவைதான் சொன்னார். போனேன். மண்டபத்து வாசலில் ஐஸ்கிரீம் வரிசை, உள்ளே செல்ஃபி வரிசை. மேடையில் சேகருக்குப் பக்கத்தில் கீபோர்டு. அதில் கிட்டார் சத்தத்தைத் தயாராக வைத்திருந்தார் மணி. பாட்டு தொடங்குவதற்கு முன் அவர்கள் பேசியது மேடையோரம் நின்ற எனக்குக் கேட்டது.

“மாமா, நீங்க பாட்டுக்கு வாசிங்க. நானும் கூடவே வாசிச்சுக்கறேன். எதுக்கும் ஒரு சேஃப்டிக்குங்க.”

“வேண்டாம் மணி. கைய எடுத்துரு.”

“ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்திருக்குது மாமா. தப்பாப் போச்சுன்னா…”

“தப்பாப் போனா என்ற தப்பாவே போகட்டும்.”

மணி கையை எடுத்துக்கொண்டார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரம்மர் இருபது வயதுக்காரன், கல்யாண வீட்டு உற்சாகத்தில் இருந்தான். குச்சியைத் தட்டித் தாளம் எண்ணினான். நாங்கள் எட்டியிருந்த கோட்டைவிட அது வேகம். பழைய சேகராக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்திருப்பார், பாதிச் சுரத்தை வழியிலேயே கொட்டியிருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது.

சேகர் கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். மைக் திறந்திருக்கிறது என்று தெரிந்தேதான் டிரம்மரிடம் திரும்பினார்.

“தம்பி, சித்த மெதுவாங்க. இது என்ற பாட்டு.”

முன்வரிசையில் யாரோ, “புல்லட்டு பிரேக் போடுதுடா!” என்று கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். சேகரின் காது சிவந்தது மேடையோரத்திலிருந்தே தெரிந்தது. நான் அவர் தாடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகவில்லை. காலால் தரையில் தட்டித் தாளத்தை அவரே எண்ணினார்.

பாட்டு போயிற்று, பல்லவி முடிந்தது, இடையிசை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு வீடியோவோ பாதி வேகமோ தேவையில்லை. கீழே, மேலே, கீழே, மேலே, கம்பி தாண்டியது, கீழே, மேலே. ஒன்றுகூடக் குறையாமல் அத்தனையும் வந்து சேர்ந்தன. பழைய வீடியோவைவிடக் கொஞ்சம் மெதுவாக. பழைய வீடியோவில் இல்லாத சுரங்களோடு.

கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை ஐஸ்கிரீம் சிந்திவிட்டு அழுதது. பாட்டு முடிந்ததும் பாடகிக்குக் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. சேகர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் மேடையோரம் வந்து என் பக்கத்தில் குனிந்தார். கண் கலங்கியிருந்தது. கூடவே கோபமும் இருந்தது.

“ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதுங்களா?”

“இல்ல.”

“தப்புத்தப்பா வாசிச்சப்பல்லாம் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க.”

“ஆமா.”

“அப்ப எதுக்குங்க இத்தனை பாடு?”

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் இந்த ஆண்டு மலருக்குப் பயன்பட்டிருக்கும். கைக்குட்டையை நீட்டினேன். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் அடுத்த பாட்டுக்குப் பாடகி மைக்கை எடுத்துவிட்டாள். சேகர் அவசரமாகத் தன் இடத்துக்கு ஓடினார். மணி கீபோர்டில் ஏதோ பட்டனைத் தட்டி, கிட்டார் சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலுக்கு மாற்றினார். டிரம்மர் குச்சிகளைத் தூக்கினான். தூக்கியபடியே நிறுத்தி, எண்ணத் தொடங்காமல், சேகரின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான்.

சேகர் வாரைச் சரிசெய்தார், பிக்கை விரலுக்குள் ஒருமுறை உருட்டினார், மூச்சை விட்டார். பிறகு தலையை அசைத்தார்.